ஊசியும் நூலும் காத்த உயிர்கள்

கடலில் போகிறவனுக்கு வேண்டியது என்ன? துணிச்சல் என்பார்கள் சிலர். நீச்சல் என்பார்கள் சிலர். இவை இரண்டும் நிறைந்த ஒரு மாவீரர் இருந்தார். ஆனால், ஓர் ஊசியும், கொஞ்சம் நூலும், ஒரு துண்டுக் கித்தானும் இல்லாதிருந்தால் அவர் வடதுருவப் பனிக் கடலிலேயே மடிந்திருப்பார்!

அவர்தான் நார்வே நாட்டு வீரர் பிரிட்யாப் நான்சன்.

நார்வேயின் தலைநகரம் ஆஸ்லோ. அந்த நாளில் அதற்குக் கிறிஸ்டியானியா என்று பெயர். அந்நகரின் அருகே 1861-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி நான்சன் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். நான்சன் சிறு வயதிலேயே பனிச்சறுக்கில் கெட்டிக்காரர். 1882-ல் சீல் வேட்டைக் கப்பல் ஒன்றில் பனிக் கடலுக்குப் போய் வந்தார். அன்று பிடித்த ஆசை பிறகு அவரை விடவே இல்லை.

கூடாரம் படகாயிற்று!

கிரீன்லாந்து ஒரு பெரிய தீவு. அதன் நடுப்பகுதி முழுவதும் பனி. அதன் உட்பகுதியைக் குறுக்கே கடந்தவர் எவருமில்லை. 1888-ல் நான்சன் ஐந்து தோழர்களுடன் அதைக் கடந்து காட்டினார்.

மேற்குக் கரைக்கு வந்தாயிற்று. ஆனால் ஊர் இருப்பதோ தூரத்தில். வழியில் கடல். படகு இல்லை!

நான்சன் கலங்கவில்லை. கூடாரத்தில் தரையில் விரிக்கும் கித்தானை எடுத்தார். அங்கே வளர்ந்திருந்த காட்டுச் செடிகளின் கிளைகளை வெட்டி வளைத்தார். கையிலிருந்த மூங்கில் கழிகளையும் சேர்த்துக் கட்டினார். படகு தயார்! அதில் அவரும் ஸ்வெர்ட்ரப் என்ற தோழரும் துடுப்புப் போட்டு, அக்டோபர் 3-ந் தேதி காட்ஹாப் என்ற ஊரை அடைந்தார்கள். இன்று அந்த ஊருக்கு நூக் என்று பெயர்.

அந்த ஆண்டு ஊர் திரும்பக் கப்பல் கிடைக்கவில்லை. குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்க நேர்ந்தது. அதுவும் நன்மையாகவே முடிந்தது. அவ்வூர் இனுயிட் மக்களிடம் நான்சன் கயாக் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

கயாக் என்பது ஒருவர் மட்டும் உட்காரும் ஒடுக்கமான படகு. அந்நாளில் சட்டத்தின் மேல் சீல் தோலை இழுத்துப் போர்த்தியிருந்தார்கள். மேல்புறமும் மூடியிருக்கும். ஆள் உட்கார மட்டும் ஒரு வட்டத் துவாரம். இந்தத் தோலைத் தைத்தவர்கள் வீட்டுப் பெண்கள். தையல் ஒன்று விட்டாலும் தண்ணீர் உள்ளே புகும். கணவன் கடலிலிருந்து திரும்புவது மனைவியின் ஊசியில் இருந்தது!

பனியில் சிக்கிய கப்பல்

அடுத்து நான்சனின் கண் வடதுருவத்தின் மேல் விழுந்தது. 1881-ல் சைபீரியாவுக்கு வடக்கே நொறுங்கிய ஒரு கப்பலின் பொருள்கள், மூன்று ஆண்டு கழித்துக் கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கின. கடல் பனி நகர்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. அப்படியானால் ஒரு கப்பலைப் பனியில் சிக்கவைத்து, பனியோடு மிதந்து போகலாமே!

அதற்கென்றே 'பிராம்' என்ற கப்பல் கட்டப்பட்டது. பனி நெருக்கினால் நொறுங்காமல் மேலே எழும்படி அதன் அடிப்பாகம் உருண்டையாக இருந்தது. 1893-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி பிராம் புறப்பட்டது. மொத்தம் 13 பேர். செப்டம்பரில் பனி கப்பலைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் பனி துருவத்துக்கு நேராகப் போகவில்லை. ஆகவே கப்பலை விட்டு இறங்கி நடப்பதென்று நான்சன் முடிவு செய்தார். யால்மர் யோஹான்சன் என்பவர் துணைக்கு வரச் சம்மதித்தார்.

நகரும் கப்பலுக்குத் திரும்பி வர வழியில்லை. கடைசியில் கடலைக் கடந்துதான் ஊர் சேரவேண்டும். ஆகவே இரண்டு கயாக்குகள் செய்தார்கள். சட்டத்துக்கு மூங்கில், போர்வைக்குக் கித்தான். ஒவ்வொன்றும் சுமார் 12 அடி நீளம். மூட்டை முடிச்சுகளில் ஊசி, நூல், ஒட்டுப்போடக் கித்தான் எல்லாம் இருந்தன.

1895-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி, 28 நாய்களும் மூன்று சறுக்கு வண்டிகளுமாக இருவரும் புறப்பட்டார்கள். ஏப்ரல் 8-ந் தேதி வட அட்சம் 86 பாகை 14 கலையைத் தொட்டார்கள். அதுவரை மனிதன் கால் படாத வடகோடி அது. அதற்கு மேல் போனால் திரும்ப உணவு போதாது. தெற்கே திரும்பினார்கள்.

சிறு மறதி, பெரும் துன்பம்

அந்த ஏப்ரலிலேயே ஒரு தவறு நேர்ந்தது. களைப்பில் கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்க மறந்துவிட்டார்கள். இரண்டும் நின்றுவிட்டன! சரியான மணி தெரியாவிட்டால், கிழக்கு மேற்கில் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று கணக்கிட முடியாது. பிறகு மாதக்கணக்கில் இடம் தெரியாமலே நடந்தார்கள்.

கயாக்குகளும் படாத பாடு பட்டன. பனி மேடுகளில் வண்டி புரளும்போதெல்லாம் கித்தான் கிழிந்தது. மூங்கில் ஒடிந்தது. கோடை வந்ததும் பனி பிளந்து, பிளவுகளில் தண்ணீர் நின்றது. படகு இருந்தும் இறங்க முடியவில்லை. சுற்றிச் சுற்றி நடந்ததில் நாள்கள் வீணாயின. உணவு குறைந்தது. மற்ற நாய்களுக்கு உணவாக நாய்கள் ஒவ்வொன்றாகக் கொல்லப்பட்டன.

உணவு தீர்கிறது என்று ஓடுவதா? உட்கார்ந்து தைப்பதா?

நான்சன் உட்கார்ந்தார்! ஜூன் மாதத்தில் கூடாரம் அடித்து, ஓட்டைகளுக்கு ஒட்டுப் போட்டார்கள். ஒடிந்த மூங்கிலை வைத்துக் கட்டினார்கள். 22-ந் தேதி ஒரு பெரிய சீல் கிடைத்தது. அதனால் உணவுக் கவலை தீர்ந்தது. அங்கேயே ஒரு மாதம் தங்கி வேலையை முடித்தார்கள். தையல் ஓரங்களில் தண்ணீர் கசியாதிருக்க வண்ணம் பூசவேண்டும். வண்ணம் ஏது? படம் வரைய நான்சன் வைத்திருந்த வண்ணக் கட்டிகளைப் பொடியாக்கி, கொழுப்பு எண்ணெயில் குழைத்துப் பூசினார்!

ஜூலை 24-ந் தேதி தூரத்தில் கரை தெரிந்தது. ஆகஸ்டில் திறந்த கடலை அடைந்தார்கள். அதற்குச் சற்று முன், ஒரு வெண்கரடி யோஹான்சனைக் கீழே தள்ளிவிட்டது. நான்சனின் துப்பாக்கியோ கயாக்கின் மேல் உறையில் இருந்தது. கயாக் தண்ணீருக்குள் வழுக்கிக்கொண்டிருந்தது. பாடுபட்டு அதை இழுத்துத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். தோழர் பிழைத்தார்.

எஞ்சிய இரண்டு நாய்களையும் படகில் ஏற்ற முடியாது. தன் நாயைத் தானே சுட மனம் வரவில்லை. இவர் நாயை அவரும், அவர் நாயை இவரும் சுட்டார்கள்.

பிறகு இரண்டு கயாக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நம் கடற்கரையில் கட்டுமரம் கட்டுவதுபோல் ஒன்றாகப் பிணைத்துப் பாய் விரித்தார்கள்.

ஒரு வார் அறுந்தது

குளிர்காலம் வந்துவிட்டது. கல்லை அடுக்கிக் குடிசை கட்டி, வால்ரஸ் தோலால் கூரை வேய்ந்தார்கள். கரடி இறைச்சிதான் உணவு. சுமார் எட்டு மாதம் அதற்குள் கிடந்தார்கள். அதுவரை ஒருவரை ஒருவர் 'நீங்கள்' என்றே அழைத்துவந்தவர்கள், அந்தப் புத்தாண்டு இரவில்தான் 'நீ' என்று அழைத்துக்கொண்டார்களாம்!

1896-ம் ஆண்டு மே 19-ந் தேதி மறுபடி பயணம். ஜூன் 12-ந் தேதி, பிணைத்த கயாக்குகளைத் தோல் வாரால் கட்டிவிட்டு இருவரும் ஒரு மேட்டில் ஏறினார்கள். திரும்பிப் பார்த்தால், வார் அறுந்து கயாக்குகள் மிதந்து போகின்றன! உணவு, துப்பாக்கி, உடை எல்லாம் அதில்தான்.

நான்சன் கடிகாரத்தைத் தோழரிடம் கொடுத்துவிட்டுப் பனி நீரில் குதித்தார். உடல் மரத்தது. கை கால் ஓயும் வேளையில் படகை எட்டிப் பிடித்தார். உதறும் உடலோடு படகைத் திருப்பியவர், வழியில் இரண்டு பறவைகளைச் சுட்டுச் சாப்பாட்டுக்கும் வழி செய்தார்!

சில நாளிலேயே அடுத்த ஆபத்து. ஒரு வால்ரஸ் பாய்ந்து தன் தந்தத்தால் நான்சனின் கயாக்கைக் கிழித்துவிட்டது. தண்ணீர் நிறைந்து மூழ்கும் நேரத்தில் அவர் பனி விளிம்பில் ஏறினார். அங்கேயே முகாம். மறுபடி ஊசி, மறுபடி நூல்!

ஜூன் 17-ந் தேதி, கிழிசலைத் தைக்க இறங்கிய அந்த இடத்தில்தான் நாய் குரைக்கும் ஓசை கேட்டது. நாய் இருந்தால் மனிதன் இருப்பான் அல்லவா? ஓசை வந்த திசையில் நான்சன் நடந்தார். ஜாக்சன் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் எதிரே வந்தார். 15 மாதத்துக்குப் பிறகு கண்ட முதல் அந்நிய முகம்!

ஆகஸ்டு 13-ந் தேதி இருவரும் நார்வே சேர்ந்தார்கள். அதே நாளில் பிராம் கப்பலும் பனியிலிருந்து விடுபட்டது. 13 பேரில் ஒருவரும் சாகவில்லை.

கிழிந்த வாழ்வுகளைத் தைத்தவர்

முதல் உலகப் போருக்குப் பின் அவர் வேறு ஒரு கடலில் இறங்கினார். சர்வதேச சங்கத்தின் சார்பில், 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட போர்க் கைதிகளைச் சொந்த ஊர் சேர்த்தார். நாடிழந்த அகதிகளுக்கு 'நான்சன் பாஸ்போர்ட்' என்ற அனுமதிச் சீட்டு வாங்கித் தந்தார். 1922-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1930-ம் ஆண்டு மே 13-ந் தேதி காலமானார்.

கடிகாரச் சாவியை மறந்தவரும் அவரே. வார் அறுந்துபோகக் கண்டவரும் அவரே. எவ்வளவு பெரிய வீரருக்கும் தவறு வரும், பொருள் பழுதாகும். ஆனால் பழுது வரும் என்று முன்கூட்டியே எண்ணி, அதற்கு வேண்டியதைக் கையோடு கொண்டுபோனவர் அவர். கரை சேர்ந்தது அதனால்தான்!