அன்றாடத் தெரிவுகளில் மலர்ந்த புனிதம்: யோசேவ் வாஸ் அடிகளார்

ஆண்டுதோறும் ஜனவரி 16ஆம் நாள் இலங்கைத் திருச்சபை தன் அப்போஸ்தலராகப் போற்றும் புனித யோசேவ் வாஸ் அடிகளாரின் திருவிழாவைக் கொண்டாடி மகிழ்கின்றது. அவரது பெயரைக் கேட்டதும் நம்மிற் பலரது நினைவுக்கு முதலில் வருவது கண்டி மாநகரில் நிகழ்ந்த மழைப் புதுமையாகும். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பில் நாம் சொல்லிக்கொடுப்பதும் அதுவே; ஆலயங்களில் ஓவியமாகத் தீட்டப்பட்டிருப்பதும் பெரும்பாலும் அதுவே. ஆனால் அந்த மழை பெய்தது ஒரு நாள். அடிகளார் இம்மண்ணில் வாழ்ந்ததோ ஏறத்தாழ 24 ஆண்டுகள். எஞ்சிய நாட்களில் அவர் செய்தவை எவை என்று சற்று நிதானித்துப் பார்த்தால், அவற்றுட் பல நம் கைக்கும் எட்டக்கூடியவை என்பது புலப்படும். அவர் நடந்தார், மொழி கற்றார், காத்திருந்தார், நோயாளரைக் கழுவித் துடைத்தார், பதவியை விலக்கினார். அன்றாடம் எடுத்த இத்தகைய தெரிவுகளே அவரைப் புனிதராக்கின.

யோசேவ் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தோவாவோ வாஸ். தாயார் மரியா தெ மிராண்டா. பக்தி நிறைந்த கொங்கணிக் கத்தோலிக்கக் குடும்பம் அது. 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட அவர், அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் தம்மை அன்னை மரியாவின் அடிமையாக எழுத்திலே ஒப்புக்கொடுத்தார். கற்றவர், நல்ல மறையுரையாளர், செல்வாக்குள்ள குடும்பத்தவர் என்ற தகுதிகளுடன் கோவாவிலேயே மதிப்புமிக்க குருவாக அவர் வாழ்ந்திருக்கலாம். அவரது உள்ளமோ கடலுக்கு அப்பால் இருந்த ஒரு தீவை நோக்கியிருந்தது.

அத்தீவின் நிலைமை என்ன? 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவானவருக்கு வீட்டில் அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமென அறிவிக்கப்பட்டது. ஆலயங்கள் புதிய ஆட்சியாளரின் சமய வழிபாட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. அரசாங்க உத்தியோகம் வேண்டுமாயின் அவர்களது திருமுழுக்கைப் பெற்றாக வேண்டியிருந்தது. ஏறத்தாழ மூன்று தசாப்தங்களாகத் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, மரணத் தறுவாயில் அவஸ்தைப்பூசுதல் இல்லை. இருந்தும் விசுவாசம் அணைந்துவிடவில்லை. வீடுகளின் உள்ளே, பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த செபங்களில் அது உயிர்வாழ்ந்தது.

இச்செய்தி அறிந்த அடிகளார் இலங்கைக்குச் செல்ல அனுமதி வேண்டினார். கிடைத்ததோ வேறொரு பணி. 1681இல் அவர் கன்னட நாட்டுக் கரையோரத்திலிருந்த கனரா மறைப்பணித் தளத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே திருச்சபை அதிகாரிகளுக்கிடையே ஆட்சியுரிமை பற்றிய பிணக்கு முற்றியிருந்தது. விரும்பிய பணி ஒன்று, கையில் தரப்பட்ட பணி மற்றொன்று. அடிகளார் முகம் சுளிக்கவில்லை. தரப்பட்ட பணியை மூன்று ஆண்டுகள் முழுமனதோடு செய்தார். தாம் விரும்பாத இடத்தில், தாம் தேடாத பொறுப்பில் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதிலேயே அவரது விசுவாசத்தின் ஆழம் வெளிப்படுகின்றது அல்லவா?

1684இல் கோவா திரும்பிய அவர், அடுத்த ஆண்டு புனித பிலிப்பு நேரியின் வழியில் உருவாகிக்கொண்டிருந்த ஒறற்றோரியன் குருக்கள் குழுவில் இணைந்து அதன் தலைவரானார். தலைமைப் பொறுப்பும் அவரைக் கட்டிவைக்கவில்லை. 1686இல் அதைத் துறந்துவிட்டு, யோவான் என்னும் பணியாளர் ஒருவரை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வழியிலே தமிழ் கற்றார். 1687இல் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து, மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். குருவுக்குரிய அங்கி உடலில் இல்லை. கந்தல் ஆடையணிந்த ஏழைக் கூலியாளாகவே அவர் இம்மண்ணில் கால்பதித்தார்.

வந்தவுடன் அவரை வரவேற்றது நோய். கடும் வயிற்றோட்டத்தால் அவர் உயிருக்குப் போராடினார். தொற்றுக்கு அஞ்சி ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் அவர் ஒதுக்கப்பட்டதாகவும், இரக்கமுள்ள ஒரு பெண் நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து அவரைப் பிழைக்கவைத்ததாகவும் அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். அந்தப் பெண்ணின் பெயரை வரலாறு குறித்துவைக்கவில்லை. தாம் காப்பாற்றுவது ஒரு குருவை என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் கண்டது நோயுற்றுக் கிடந்த ஒரு பரதேசியை மட்டுமே. இலங்கைத் திருச்சபையின் மறுமலர்ச்சி ஒரு கஞ்சிக் கோப்பையில் இருந்து தொடங்கிற்று என்று கூறினால் அது மிகையாகாது.

உடல்நலம் தேறியதும் அடிகளார் கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டு யாருடைய கண்கள் கனிகின்றன என்பதைக் கவனித்தே கத்தோலிக்கரை இனங்கண்டார். பின்னர் சில்லாலைக் கிராமம் அவரது பணித்தளமாயிற்று. இரவிலே மக்கள் ஒன்றுகூடினர். விடியுமுன் திருப்பலி நிறைவேறியது. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தப் படையினர் திடீரெனப் புகுந்து, வழிபாட்டுக்கு வந்திருந்த மக்களைக் கைதுசெய்தனர். அடிகளார் பிடிபடவில்லை. ஆனால் மக்களுள் முதன்மையானவர்களாகக் கருதப்பட்ட எட்டுப் பேர் கொடூரமாகச் சாட்டையால் அடிக்கப்பட்டனர். அவர்களுள் தொன் பேதுரு என்பவர் அக்காயங்களால் உயிர்துறந்தார். ஏனையோர் கடூழியச் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களும் குடும்பத் தலைவர்களே. காணி, பூமி, பிள்ளைகுட்டி என்று இழப்பதற்கு நிறைய உடையவர்களே.

இதன்பின் 1690இல் அடிகளார் கண்டி அரசின் எல்லைக்குள் இருந்த புத்தளத்துக்குச் சென்றார். 1692இல் கண்டியை அடைந்தபோது, அங்கிருந்த பிரெஞ்சு நாட்டுக் கால்வினியர் ஒருவர் அவரைப் போர்த்துக்கேய உளவாளி என்று குற்றஞ்சாட்டியதால், இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறையிலிட்டான். சிறையில் அவர் செய்தது என்ன? சிங்கள மொழியைக் கற்கத் தொடங்கினார். தம்மை அடைத்துவைத்தவர்களின் மொழியை வெறுக்கவில்லை. அதை அன்பின் கருவியாக்கிக்கொண்டார். காவல் சற்றுத் தளர்ந்ததும் சிறை முற்றத்தில் ஓலைக் கொட்டில் ஒன்றை அமைத்து அங்கே திருப்பலி ஒப்புக்கொடுத்தார்.

பின்னர் கடும் வரட்சி நிலவியபோது, மன்னனின் வேண்டுகோளுக்கிணங்க அடிகளார் திறந்தவெளியில் பீடமமைத்துச் சிலுவையை நாட்டி மன்றாடினார் என்றும், பெருமழை பொழிந்தபோது அவரும் பீடமும் நனையவில்லை என்றும் மரபு கூறுகின்றது. அதன் பயனாக அவருக்கு விடுதலையும், மறைப்பணியாற்றும் உரிமையும் கிடைத்தன. எனினும் மன்னனதும் மக்களதும் உள்ளத்தை அவர் முழுமையாக வென்றது வேறொரு நிகழ்வில்.

1697இல் கண்டியில் பெரியம்மை நோய் பரவிற்று. மன்னனும் பிரபுக்களும் நகரைவிட்டு அகன்றனர். நோயுற்றவர்களை அவர்களது சொந்த உறவினரே காட்டோரங்களிலும் வெறுவெளிகளிலும் விட்டுவிட்டு ஓடினர். அடிகளாரும், கோவாவிலிருந்து வந்திருந்த அவரது மருமகனான யோசேப் கர்வாலோ அடிகளாரும் நகரிலேயே தங்கினர். நோயாளருக்குக் கொட்டில்கள் அமைத்தனர். கைவிடப்பட்ட வீடுகளை வைத்தியசாலைகளாக மாற்றினர். சமைத்துக் கொடுத்தனர், புண்களைக் கழுவினர், குடிசைகளைக் கூட்டித் துப்புரவாக்கினர், இறந்தோரைத் தங்கள் கைகளாலேயே அடக்கம் செய்தனர். கிறிஸ்தவர், பௌத்தர் என்ற வேறுபாடு அவர்களிடம் இருக்கவில்லை. இங்கே புதுமை எதுவும் நிகழவில்லை. நாற்றமும் அருவருப்பும் நிறைந்த வேலையைத் தினந்தோறும் மீண்டும் மீண்டும் செய்யும் பொறுமை மட்டுமே இருந்தது. மழையைக் கண்டு வியந்த மக்கள் இந்தப் பணியைக் கண்டு மனம் உருகினர்.

காலப்போக்கில் கோவாவிலிருந்து மேலும் பல ஒறற்றோரியன் குருக்கள் வந்து சேர்ந்தனர். 1705இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் ஞான நூல்களை இயற்றினார். தவக்காலத்தில் நம் ஆலயங்களில் ஒலிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்ததே. குருவானவர் ஆண்டில் ஓரிரு முறையே வரக்கூடியதாயிருந்த ஊர்களில், செபம் நடத்தவும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டவும் மூப்பர்மாரையும் அண்ணாவிமாரையும் ஏற்படுத்தினர். பொதுநிலையினரின் கையில் நம்பிக்கையோடு திருச்சபையை ஒப்படைத்தார் யோசேவ் வாஸ் அடிகளார். தமக்கு ஆயர் பதவியளிக்க எண்ணியபோதோ அதனை ஏற்க மறுத்துவிட்டார்.

நெடுந்தூர நடையும் நோன்பும் அவரது உடலை நலிவுறச் செய்தன. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் தம் 59ஆவது வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். இறக்குமுன் தம் உடன் குருக்களுக்கு அவர் விட்டுச்சென்ற அறிவுரை, வாழ்நாள் முழுவதும் செய்யத் தவறியதை மரண வேளையில் செய்வது எளிதன்று என்பதாகும். 1995இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் காலிமுகத்திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதே திடலில் புனிதராகவும் அறிவித்தனர். அவரது கல்லறை இருந்த இடம் காலத்தால் மறைந்துபோயிற்று. நாம் முழந்தாளிட்டு வணங்க அவரது எலும்புகூட எஞ்சவில்லை. அவர் எழுப்பிய விசுவாசக் குடும்பங்களே எஞ்சியுள்ளன. அக்குடும்பங்களின் வழிவந்தவர்கள் நாம்.

அன்பார்ந்த குடும்பங்களே, இப்புனிதரின் வாழ்வு நம் முன் ஒரு வினாவை வைக்கின்றது. நமது விசுவாசம் எங்கே வாழ்கின்றது? 2019ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் சில வாரங்கள் பொதுத் திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. 2020இல் கொரோனாப் பெருந்தொற்று மீண்டும் ஆலயக் கதவுகளை மூடிற்று. அந்நாட்களில் சில இல்லங்கள் சிற்றாலயங்களாயின. வேறு சில இல்லங்களில் செபமும் கதவோடு சேர்ந்து அடைபட்டுப்போயிற்று. 29 ஆண்டுகள் குருவானவர் இன்றி விசுவாசத்தைக் காத்த மூதாதையரின் பிள்ளைகளுக்கு இது ஆழ்ந்த சிந்தனைக்குரியது. ஞாயிறு காலையில் ஒரு மணிநேரம் மட்டும் உயிர்பெறும் விசுவாசம், ஆலயக் கதவு மூடப்படும் நாளில் உயிரிழந்துவிடும்.

ஆகவே நமது தெரிவுகளைச் சோதித்துப் பார்ப்போம். படுக்கையில் கிடக்கும் வயோதிபப் பெற்றோரைக் கழுவித் துடைப்பது யாருடைய முறை என்று சகோதரர்கள் வாதாடும் வீட்டில், கண்டிக் குடிசையைக் கூட்டிய புனிதரின் படத்துக்கு மாலை சூட்டுவதில் பொருளுண்டோ? கேட்டது கிடைக்காமல், தொலைதூர ஊருக்கு இடமாற்றம் கிடைத்தபோது நாம் அங்குள்ள பிள்ளைகளுக்கு மனமுவந்து கற்பிக்கின்றோமா, அல்லது நாட்களை எண்ணிக்கொண்டிருக்கின்றோமா? போரின் காயம் ஆறாத இந்நாட்டில், மற்றவரின் மொழியைக் கற்பது நம்மைத் தாழ்த்துவதாக எண்ணுகின்றோமா, அல்லது சிறையிலிருந்து சிங்களம் கற்றவரைப்போல் அதை அன்புக்கு ஒரு வாயிலாகக் காண்கின்றோமா? பங்குச் சபையில் பதவி கிடைக்காததால் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டோமா? வாசலில் வந்து நிற்கும் அறிமுகமற்ற ஏழைக்கு ஒரு கோப்பைக் கஞ்சி நம் வீட்டில் உண்டா?

இவை சிறியவையாகத் தோன்றலாம். ஆயினும் இறுதித் தீர்ப்பைப் பற்றி ஆண்டவர் இயேசு போதித்தபோது கேட்கப்போவதாகக் கூறியவையும் இத்தகைய சிறியவையே: உணவு, தண்ணீர், உடை, நோயாளியிடமும் சிறையிலிருப்பவரிடமும் சென்ற ஒரு சந்திப்பு. இந்த வாரத்தில் ஒரு மாலை, குடும்பமாகச் செபமாலை சொல்லி முடித்தபின், நம்மால் கைவிடப்பட்டவர் யார் என்று ஒருவரையொருவர் கேட்டு, மறுநாளே அவரிடம் செல்வோம். அடிகளார் எச்சரித்ததுபோல், பிற்போடப்பட்ட அன்பைச் செய்துமுடிக்க இறுதி வேளை போதாது.

புனித யோசேவ் வாஸ் அடிகளாரே, எங்கள் குடும்பங்களுக்காக மன்றாடும்.