நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி

கல்கத்தாக் கால்பந்து என்றதும் மோகன்பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் இரண்டு பெயர்களே நம் நாவில் வரும். விடுதியில் நள்ளிரவு வரை நடக்கும் வாக்குவாதமும் இவ்விரண்டைப் பற்றியதுதான். இவை தோன்றுமுன்பே இந்நகரின் வடபகுதியில் சோபாபஜார் கழகம் என்ற சிறு கழகம் ஒன்று இருந்தது. அதை நிறுவியவரே நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி. பெயரைக் கேட்டு நண்பர்கள் அஞ்ச வேண்டாம்! நாம் ஹிட்லருக்குச் சூட்டும் சொல், வங்காளத்தில் பழைய குடும்பப் பெயர்களுள் ஒன்று.

1869-இல் பிறந்த நாகேந்திரர், மருத்துவர் சூரியகுமாரரின் மைந்தர். 1914 முதல் 1918 வரை கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய தேவபிரசாதர் இவருடைய தமையனார். இத்தகைய கல்விக் குடும்பத்துப் பிள்ளை பந்தின் பின்னே ஓடியது எப்படி?

1877-இல் ஒரு நாள், சிறுவன் நாகேந்திரன் தாயாருடன் வண்டியில் கங்கை நீராடச் சென்றானாம். வழியில் மைதானத்தில் வெள்ளையர் சிலர் பந்தாடிக்கொண்டிருந்தனர். வேடிக்கை பார்க்க இறங்கியவனின் காலடிக்கே பந்து உருண்டு வந்தது. அவன் அதைத் திருப்பி உதைத்தான். இந்தியக் கால்பந்தின் முதல் உதை இதுவே என்று வங்காளிகள் பெருமையுடன் கூறுவர்.

மறுபடியும் உதைக்க வேண்டும் என்ற ஆசை பிறந்துவிட்டது. ஹேர் பள்ளித் தோழர்கள் காசு சேர்த்துப் பந்து வாங்கினர். கடையில் கிடைத்ததோ ரக்பிப் பந்து! முட்டை வடிவப் பந்து தரையில் பட்டபின் எத்திசையில் எழும் என்று கணிக்க இயற்பியல் மாணவர்களே திணறுவர்; பள்ளிப் பிள்ளைகள் பாடு கேட்பானேன். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் என்னும் ஆங்கிலேயர் இக்கூத்தைக் கண்டு, உரிய பந்தைத் தந்து ஆட்டத்தையும் கற்றுக்கொடுத்தார்.

பின்னர் நாகேந்திரர் தொடங்கிய கழகங்கள் பல. அவற்றுள் வெல்லிங்டன் கழகத்தில் நேர்ந்ததுதான் அவரை நமக்கு யார் என்று காட்டுகிறது. மணி தாஸ் என்னும் இளைஞரைக் கழகத்தில் சேர்க்க நாகேந்திரர் விரும்பினார். அவர் குயவர் மகன். உயர்குடி உறுப்பினர்கள் மறுத்தனர். துரைமார் தங்கள் கழகங்களில் இந்தியரைச் சேர்ப்பதில்லை என்று குமுறியவர்கள், தம் கழகத்தின் கதவை இன்னோர் இந்தியருக்குச் சாத்தினார்கள்! நாகேந்திரர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை; தாம் வளர்த்த கழகத்தையே கலைத்துவிட்டார். பெயருக்கேற்றபடி அவர் நடந்துகொண்டது அந்த ஒரு முறைதான் போலும். புதிதாகச் சோபாபஜார் கழகம் எழுந்தது. அதன் உறுப்பினர் பதிவேட்டில் முதலில் ஏறிய பெயர் மணி தாஸ்.

அக்கழகம் 1892-இல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் கிழக்கு சர்ரே படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் வென்றது. பூட்ஸ் அணிந்த சிப்பாய்களை இந்தியர் களத்தில் வீழ்த்தியது அந்நாளில் சிறு செய்தியன்று. 1911-இல் மோகன்பகான் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை வென்று கேடயம் பெற்றபோதும் கணக்கு அதே 2-1. அந்த வெற்றியை நாடே அறியும். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முந்தியதைச் சொல்ல ஆளில்லை.

நாகேந்திரர் 1940-இல் மறைந்தார். 2021-இல் அவர் வரலாற்றைத் தழுவி 'கோலந்தாஜ்' என்ற வங்காளப் படம் வெளிவந்தது. அதன் பிறகே நம் வங்காளத் தோழர்கள் பலருக்கும் அவர் பெயர் தெரியவந்தது.