தர்மரத்னாகர ஆர்க்காடு நாராயணசாமி முதலியார்

புத்த பகவானுக்கு ஜேதவனத்தை விலைக்கு வாங்கி அளித்த சிராவஸ்தி வணிகரின் இயற்பெயர் சுதத்தர். எனினும் உலகம் அவரை அநாதபிண்டிகர் என்றே போற்றுகின்றது. ஆதரவற்றோர்க்கு அன்னமிடுபவர் என்பது அப்பெயரின் பொருள். நம் மணிமேகலைக் காப்பியமோ அமுதசுரபியை முதன்முதல் ஏந்தியவனாக ஆபுத்திரனைக் காட்டுகின்றது. அவன் ஈன்ற தாயால் கைவிடப்பட்டு, அயலார் இல்லத்தில் வளர்ந்து, கல்வியும் பெற்றவன். இவ்விரு வரலாறுகளையும் சேர்த்து நோக்கின், திக்கற்ற குழந்தைக்குச் சோறும் வேண்டும், எழுத்தும் வேண்டும் என்பது விளங்கும். இந்த உண்மையைத் தம் வாழ்வில் நடத்திக் காட்டிய பெங்களூர்த் தமிழர் ஒருவரின் வரலாற்றை இங்கு நாம் சுருங்கக் கூறுகின்றோம்.

ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1827-ஆம் ஆண்டு வறிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1809-ல் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டுப் பெங்களூருக்கு வந்தபின், நகரின் கிழக்கே 'தண்டு' எனப்பட்ட கண்டோன்மென்ட் வளர்ந்தது. படையினரைத் தொடர்ந்து ஆர்க்காடு, வேலூர்ப் பகுதிகளிலிருந்து வணிகரும் தொழிலாளரும் திரளாக வந்து குடியேறினர். தமிழ் அங்கே தெருமொழியாயிற்று. இச்சூழலில் முதலியார் வாணிகத்தில் புகுந்து, உழைப்பாலும் நாணயத்தாலும் படிப்படியாக உயர்ந்து, பெரிய கட்டட ஒப்பந்தக்காரர் ஆனார்.

பெங்களூர் கப்பன் பூங்காவில் செந்நிறத்துடன் விளங்கும் அட்டார கச்சேரியை அறியாதார் இலர். மைசூர் அரசின் பதினெட்டு இலாகாக்களுக்காக 1864 முதல் 1868 வரை எழுப்பப்பட்ட மாளிகை அது. தற்போது கர்நாடக உயர்நீதிமன்றமாக இருந்து வருகின்றது. அதனைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் நம் முதலியாரே. வேறொருவராயின் இத்தகைய பெருமையோடு மனநிறைவு கொண்டு, ஈட்டிய பொருளைத் தம் மக்களுக்கு வைத்துவிட்டுப் போயிருப்பர்.

முதலியாரின் உள்ளம் வேறு திசையில் சென்றது. தண்டிலே கூலிக்காரர், வண்டிக்காரர், சிப்பாய்களின் பணியாளர் ஆகியோரின் பிள்ளைகள் பலர் எழுத்தறியாமல் கடைத்தெருவில் திரிந்தனர். சம்பளம் செலுத்திப் படிக்க வைக்கும் நிலையில் அவர்தம் பெற்றோர் இல்லை. ஆகவே 1873-ஆம் ஆண்டு ஏழைச் சிறுவர்க்கென இலவச ஆரம்பப் பள்ளி ஒன்றை அவர் தொடங்கினார். குழந்தைகளுக்குக் கல்வி தருவது அரசின் கடமை என்னும் எண்ணமே நாட்டில் வேரூன்றாத காலம் அது.

பள்ளி தொடங்கி மூன்றாண்டு நிறைவதற்குள் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1871-ஆம் ஆண்டுக் கணக்கில் மைசூர் நாட்டின் மக்கள் தொகை ஏறக்குறைய 50 லட்சம். 1881-ல் அது 42 லட்சமாகக் குறைந்திருந்தது. மடிந்தவர் விட்டுச்சென்ற குழந்தைகளின் கதி என்ன? கஞ்சித் தொட்டி ஒரு நாள் பசியைத் தணிக்கும். ஆனால், தாய் தந்தையரை இழந்த சிறுவனுக்கு நாளைக்கும் மறுநாளைக்கும் நிலைத்திருக்கும் ஓர் இடம் வேண்டுமன்றோ? எழுத்தும் கணக்கும் அறிந்தவன் ஒருவாறு பிழைத்துக்கொள்வான். அறியாதவன் மீண்டும் தெருவுக்கே வருவான். இதனை நினைக்கும்போதுதான் 1873-ல் ஊன்றிய வித்தின் அருமை நமக்குப் புலனாகின்றது.

முதலியார் தம் கொடையைத் தம் ஆயுளோடு முடிந்துவிட விடவில்லை. கல்விக்கெனச் சொத்துகளை ஒதுக்கி, அறநிலையமாக்கி வைத்தார். ஒதுக்கப்பட்ட வகுப்பாரின் குழந்தைகளுக்கெனவும் பள்ளி அமைத்தார். சென்னை அடையாற்றில் கர்னல் ஆல்காட் துரை பஞ்சமர் குழந்தைகளுக்கான முதல் இலவசப் பள்ளியைத் திறந்தது 1894-ல். நம் அயோத்திதாசப் பண்டிதர் கொழும்பில் பஞ்சசீலம் ஏற்றது 1898-ல். இவற்றுக்கெல்லாம் முன்னரே பெங்களூர்த் தமிழர் ஒருவர் தம் சொந்தப் பொருளால் ஏழைச் சிறுவர்க்குப் பள்ளிக் கதவைத் திறந்துவிட்டார் என்பது நினைக்கத்தக்கது. அவர் பௌத்தரல்லர்; ஆயினும் தானத்தின் மெய்ப்பொருளை உணர்ந்தவர் என்று நாம் தயக்கமின்றிக் கூறுவோம்.

ஆங்கில அரசு அவருக்கு ராய் பகதூர் பட்டம் வழங்கியது. மைசூர் அரசரோ தர்மரத்னாகர என்னும் விருதளித்துச் சிறப்பித்தார். 1910-ல் முதலியார் மறைந்தார். அவ்வாண்டில்தான் கோபால கிருஷ்ண கோகலே, இலவசக் கட்டாய ஆரம்பக் கல்வி வேண்டுமென்று இம்பீரியல் சட்டசபையில் தீர்மானம் கொணர்ந்தார். அதன்பின் அவர் கொணர்ந்த மசோதா 1912-ல் தோற்கடிக்கப்பட்டது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகள் யாவர்க்கும் கல்வியை உரிமையாக்கிய சட்டம் 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்றுதான் நடைமுறைக்கு வந்தது. முதலியார் மறைந்து சரியாக ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரே நாடு அவர் நின்ற இடத்தை எட்டியது!

அல்சூர் ஏரிப் பகுதியில் அவர் பெயர் தாங்கிய கல்வி நிலையங்கள் இன்றும் நடைபெறுகின்றன. ஆரம்பப் பள்ளியாகத் தொடங்கியது உயர்நிலைப் பள்ளியாகவும் கல்லூரியாகவும் வளர்ந்துள்ளது. கப்பன் பூங்கா மாளிகையைக் காண்போர் அதனைக் கட்டியவரின் பெயரை அறியாமலே செல்கின்றனர். பள்ளியில் பயின்றவரோ அப்பெயரைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகின்றனர்.

சட்டம் வந்துவிட்டது, ஆயினும் ரயில் நிலையங்களிலும் சந்தைகளிலும் குப்பை பொறுக்கித் திரியும் சிறுவர் இன்னும் மறையவில்லை. பௌர்ணமிதோறும் அன்னதானம் செய்யும் நாம், அப்பந்தியில் வந்து அமரும் குழந்தையின் பெயரைக் கேட்டறிவோம். அது பள்ளிக்குச் செல்கின்றதா என்றும் கேட்போம். செல்லவில்லை எனின், அதன் கையைப் பற்றி அழைத்துச் சென்று பள்ளியில் சேர்ப்பதும் தானமே. அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. ஒரு நாட் பொழுதும் சிறிது கருணையும் போதும்.