டாக்டர் வூ லியன் தே

பினாங்கு ஜோர்ஜ்டவுனில் 1879ஆம் ஆண்டு பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் டாக்டர் வூ லியன் தே. உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றார்.

1910ஆம் ஆண்டின் இறுதியில் வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரில் கொள்ளைநோய் பரவியது. அதைத் தடுக்கச் சீன அரசு வூவை அனுப்பியது. எலிகளே நோயைப் பரப்புவதாகப் பலரும் நம்பினர். நோயாளியின் இருமலும் மூச்சுக்காற்றுமே நோயைக் கடத்துவதை வூ கண்டறிந்தார். அப்படியானால், நோயாளியின் அருகில் நின்று வேலை செய்பவருக்கே முதல் ஆபத்து. ஆகவே, மெல்லிய வலைத்துணிக்கிடையே பஞ்சை வைத்து மலிவான முகக்கவசம் செய்வித்தார். மருத்துவரும் தாதியரும் மட்டுமல்லர், பிணம் சுமப்போரும் காவல் நின்ற படைவீரரும் அதை அணிய வேண்டுமென வலியுறுத்தினார்.

மூத்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி இதை ஏற்கவில்லை. வூவுக்கு அப்போது வயது 31தான். முகக்கவசமின்றி நோயாளிகளைச் சோதித்த மெஸ்னி, சில நாள்களில் அதே நோயால் இறந்தார். அதன்பின் தெருவில் நடந்தவர்கள்கூட முகக்கவசம் அணியத் தொடங்கினர்.

ஹார்பினில் 1911 மார்ச்சில் நோய் அடங்கியது. அதற்குள் அவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டிருந்தனர்.

1937இல் மலாயா திரும்பிய வூ, ஈப்போவில் கிளினிக் நடத்தினார். 1960இல் பினாங்கில் காலமானார்.