கர்சன் பிரபுவின் இன்னொரு கணக்கு

கர்சன் என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது 1905-ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் நமக்கு அறிமுகமான கர்சன் அவர்தான். அதில் தப்பில்லை. அவர் வைஸ்ராயாக வந்த 1899-லேயே பெரும் பஞ்சம் தொடங்கியது. பல லட்சம் பேர் மடிந்தார்கள். நிவாரணச் செலவில் அவருடைய அரசு கறார் காட்டியது. பிறகு 1903-இல் டெல்லியில் யானை ஊர்வலமும் தர்பாருமாகப் பெரும் ஆடம்பரம் நடத்தினார். இவையெல்லாம் பற்றுப் பக்கத்தில் இருக்கட்டும். அதே பேரேட்டின் வரவுப் பக்கத்தையும் உங்களுக்குக் காட்டலாமே என்றுதான் இதை எழுதுகிறேன். இதில் அதைக் கழித்து நிகர இருப்பு போடும் எண்ணம் எனக்கு இல்லை.

ஜார்ஜ் கர்சன் 1859-இல் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மாவட்டத்தில் கெடில்ஸ்டன் என்ற மாளிகையில் பிறந்தவர். கல்கத்தாவில் வைஸ்ராய்கள் குடியிருந்த அரசு மாளிகை, அந்தக் கெடில்ஸ்டன் மாளிகையின் மாதிரியில் 1803-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆகவே அவர் பிறந்த வீட்டின் ஜாடையிலேயே வந்து குடியேறினார் என்று சொல்லலாம். இளம் வயதிலேயே முதுகெலும்பில் கோளாறு. ஆயுள் முழுக்க உடம்பில் இரும்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வலியோடு நள்ளிரவு தாண்டியும் கோப்பு பார்த்த மனிதர். அந்த நிமிர்ந்த தோரணையைத்தான் பலரும் திமிர் என்று நினைத்தார்கள். திமிரும் இருந்தது, சந்தேகமில்லை.

அவர் வந்தபோது நம் பழைய கட்டடங்கள் எந்த நிலையில் இருந்தன தெரியுமா? 1861-இல் தொல்லியல் பணி தொடங்கியது உண்மைதான். ஆனால் 1889-இல் ஜேம்ஸ் பர்ஜெஸ் ஓய்வுபெற்றதும் தலைமை இயக்குநர் பதவியே காலியாக விடப்பட்டது. அகமதாபாத்தில், கல்லில் கொடி படர்ந்தது போன்ற சன்னல்களுக்குப் பேர்போன சிதி சையத் மசூதியில் தாசில்தார் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. மாண்டலேயில் பர்மிய மன்னரின் அரண்மனைக்குள் வெள்ளைக்கார அதிகாரிகளின் கிளப். லாகூர் கோட்டையின் மோத்தி மசூதி, சீக்கியர் ஆட்சிக் காலம் தொட்டு அரசாங்கக் கஜானா. வெண்சலவைக்கல் வளைவுகளைச் செங்கல் வைத்து அடைத்து, உள்ளே பணப்பெட்டிகளை வைத்திருந்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்ட்ராங் ரூம் சாவியோடு பழகியவன் நான். பணம் பத்திரமாக இருக்க வேண்டும் என்ற கவலை எனக்குப் புரியும். அதற்காக இப்படியா!

கர்சன் ஊர் ஊராகப் போய், தாமே பார்த்து, இவர்களைக் காலி செய்ய வைத்தார். ஆனால் நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது அதை அல்ல. பெரிய அதிகாரி வருகிறார் என்றால் எந்த ஊரிலும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அவர் ரயில் ஏறியதும் பழைய கதை. கர்சன் அதற்கு இடம் வைக்கவில்லை. 1902-இல் ஜான் மார்ஷல் என்பவரைத் தொல்லியல் துறைக்குத் தலைமை இயக்குநராகக் கொண்டுவந்தார். அப்போது மார்ஷலுக்கு வயது 25. பொறுப்புக்கு ஓர் ஆள் என்று ஆனதும், 1904-இல் பழங்காலச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்தக் காலத்து ஐயாயிரம் என்பதை நினைவில் வையுங்கள். தனியார் கையில் உள்ள சின்னத்தை, அவரோடு ஒப்பந்தம் போட்டு அரசு பராமரிக்கவும் வழி செய்யப்பட்டது. பராமரிப்புக்கு ஆளும் சட்டமும் ஆண்டுதோறும் பணமும் வேண்டும் என்று நான் சொல்வதால், நம் சங்கத்தின் மாதக் கட்டணத்தைப் பற்றி மறைமுகமாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம்!

மார்ஷல் 1928 வரை அந்தப் பதவியில் இருந்தார். மொகஞ்சதாரோ, ஹரப்பா பற்றி 1924-இல் உலகுக்கு அறிவித்தவர் அவர்தான். 1904 சட்டத்தின் இடத்தில் 1958-இல் புதுச் சட்டம் வந்தது. மாமல்லபுரத்திலும் தஞ்சைப் பெரிய கோயிலிலும் நீங்கள் பார்க்கும் தொல்லியல் துறை அறிவிப்புப் பலகை அந்தச் சட்டத்தின் பெயரில்தான் எச்சரிக்கிறது. மனை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும்.

தாஜ்மகால் மீது கர்சனுக்குத் தனிப் பிரியம். முன்வாசலை அடைத்திருந்த கடைகளை அகற்றி, வாய்க்கால்களையும் நீரூற்றுகளையும் சீர்படுத்தினார். முகலாயத் தோட்டத்தை ஆங்கிலப் புல்வெளி ஆக்கிவிட்டார் என்ற குறையும் உண்டு; அது நியாயமான குறைதான். சமாதிக்கு மேலே தொங்கும் வெண்கல விளக்கு கெய்ரோவில் அவர் செய்யச் சொன்னது. அவர் இந்தியாவை விட்டுப் போன பிறகுதான் வந்து சேர்ந்தது. டெல்லி செங்கோட்டை திவான்-இ-ஆமில் அரியணைக்குப் பின்னால் பதித்திருந்த வண்ணக்கல் பலகைகளை 1857-க்குப் பிறகு ஓர் ஆங்கிலேய அதிகாரி பெயர்த்து, 500 பவுனுக்கு விற்றிருந்தார். லண்டன் அருங்காட்சியகத்தில் கிடந்த அவற்றைக் கர்சன் திருப்பி வாங்கிப் பழைய இடத்திலேயே பதிக்க வைத்தார்.

ராணுவத் தளபதி கிச்சனரோடு ஏற்பட்ட மோதலில் 1905-இல் பதவி விலகி ஊர் திரும்பினார். மறு வருஷமே மனைவி மேரி காலமானார். 1911-இல் வங்கப் பிரிவினையும் ரத்தாயிற்று.

அதே 1911-இல், லிங்கன்ஷயரில் டாட்டர்ஷல் என்ற 15-ஆம் நூற்றாண்டுச் செங்கல் கோட்டையைக் கர்சன் விலைக்கு வாங்கினார். அதைக் கட்டிய ரால்ஃப் கிராம்வெல் இங்கிலாந்தின் கஜானா அதிகாரி. கல் கணப்புகளில் பணப்பை சின்னத்தைச் செதுக்கி வைத்திருந்தார். அந்தக் கணப்புகளை ஏற்கெனவே பெயர்த்து விற்று, அமெரிக்காவுக்கு அனுப்பப் பெட்டி கட்டிவிட்டார்கள். கர்சன் தேடிப் பிடித்து மீட்டு, 1912-இல் மறுபடி பொருத்தினார். சொந்தக்காரர் இடிக்க நினைத்தால் தடுக்க அப்போது இங்கிலாந்தில் வழியில்லை. 1882-இல் வந்த சட்டம் சொந்தக்காரரின் சம்மதத்தை நம்பியே இருந்தது. இந்த விவகாரத்துக்குப் பிறகு 1913-இல் வந்த சட்டம்தான், இடிப்பதைத் தடுத்து ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. அதற்குப் பிரபுக்கள் சபையில் கர்சன் துணை நின்றார். சசெக்ஸில் அகழி சூழ்ந்த போடியம் கோட்டையையும் பிறகு வாங்கிப் பழுது பார்த்தார்.

1925 மார்ச் 20-ஆம் தேதி இறந்தார். இரண்டு கோட்டைகளையும் உயிலில் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதி வைத்திருந்தார். உடல் கெடில்ஸ்டனில் அடக்கம் செய்யப்பட்டது. அந்த மாளிகையும் 1987-இல் டிரஸ்ட் வசமாயிற்று. அதன் கீழ்த்தளத்தில், நம் நாட்டிலும் மற்றக் கிழக்கு நாடுகளிலும் அவருக்குப் பரிசாக வந்ததும் அவர் வாங்கிச் சேர்த்ததுமான தந்தம், வெள்ளி, ஆயுதங்கள், துணிகள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. செங்கோட்டைப் பலகைகளைத் திருப்பிக் கொடுக்க வைத்தவரின் வீட்டில்தான்.