காந்தியின் செலவுக்கே 'நோ' சொன்ன ஆடிட்டர்! - யார் இந்த ஜே.சி.குமரப்பா?

ஜவ்வாது மலைக்கு பைக் ரைடு போனால், ஜமுனாமரத்தூரில் சாமை அரிசியும் தேனும் வாங்காமல் பலரும் இறங்குவதில்லை. அதே சாமையை மலைக்காரர்கள் மூட்டையாகக் கீழே அனுப்பினால் கிடைக்கும் காசு கம்மி. அங்கேயே உமி நீக்கி, பாக்கெட் போட்டு வித்தா, லாபமும் வேலையும் மலையிலேயே தங்கும். இந்தக் கணக்கை 90 வருஷத்துக்கு முன்பே நாடு முழுக்கச் சொன்னவர், நம்ம தஞ்சாவூர்க்காரர் ஜே.சி.குமரப்பா.

1892 ஜனவரி 4-ல் பிறந்தவர். லண்டனில் கணக்காளர் படிப்பு, பம்பாயில் சொந்தமாக ஆடிட்டிங் நிறுவனம், கோட் சூட் வாழ்க்கை. பிறகு அமெரிக்கா போய், சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம், கொலம்பியாவில் பொருளாதாரம் எனப் படித்தார். அங்கே பொது நிதி பற்றி ஆராய்ந்தபோதுதான், பிரிட்டிஷ் ஆட்சியின் வரிக்கும் இந்தியாவின் வறுமைக்கும் உள்ள தொடர்பு அவருக்குப் பிடிபட்டது.

1929-ல் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். ரூட் மாறியது. கதர் உடுத்தினார். குஜராத்தின் மாத்தர் வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய், விவசாயிகளின் வரவு செலவைக் கணக்கெடுத்தார்.

1934 ஜனவரியில் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ராஜேந்திர பிரசாத் தலைமையிலான நிவாரணக் குழுவுக்கு நிதி ஆலோசகர் குமரப்பாதான். தொண்டர்களின் ஒரு நாள் செலவுக்கு மூணே அணா என்று கறாராக வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து காந்தியும் அவர் குழுவும் வந்து இறங்கினார்கள். அவர்களின் சாப்பாட்டுக்கும் கார் பெட்ரோலுக்கும் நிவாரணப் பணத்தில் இருந்து தர முடியாது, வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார் மனுஷன். அது வீடிழந்தவர்களுக்காக மக்கள் கொடுத்த காசு. காந்தியும் அதை ஏற்றுக்கொண்டார்.

அதே ஆண்டு இறுதியில் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது, அதை நடத்தும் பொறுப்பை அவரிடமே கொடுத்தார் காந்தி. கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், தேனீ வளர்ப்பு, கையால் செய்யும் காகிதம் என ஊர்த் தொழில்களுக்கு உயிர் கொடுக்க உழைத்தார். இயற்கையைத் தின்று தீர்க்காத பொருளாதாரம் வேண்டும் என்ற அவரின் 'எக்கானமி ஆஃப் பெர்மனென்ஸ்' புத்தகம், சிறையில் எழுதியது.

கடைசிக் காலத்தில் மதுரை பக்கம் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்தார். 1960 ஜனவரி 30, காந்தியின் நினைவு நாளன்றே மறைந்தார்.

லண்டன், அமெரிக்கப் பட்டங்கள் அவர் பயோடேட்டாவில் இருக்கும். பெரிய தலைவரே வந்து நின்றாலும் ஊர்க் காசைத் தொடவிடாத அந்தத் தைரியம், எந்தப் பட்டத்திலும் இல்லை. அடுத்த முறை மலையில் சாமை பாக்கெட் வாங்கும்போது, இவரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க!