தயிருக்கு உலகப் புகழ் தேடித் தந்த மெச்னிகாஃப்

டில்லி வெயிலில் மத்தியானம் டிபன் காரியரைத் திறந்தால் நம்மவர்களில் பாதிப் பேரிடம் தயிர் சாதம்தான் இருக்கும். தயிரிலுள்ள நுண்ணுயிர்கள் நோய்க் கிருமிகளுக்குப் பகை என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியவர் இல்யா மெச்னிகாஃப் என்ற விஞ்ஞானி.

இன்றைய உக்ரைனிலுள்ள கார்கோவ் நகருக்கு அருகே 1845-ல் பிறந்தவர். முதல் மனைவி லுத்மிலா 1873-ல் காச நோய்க்குப் பலியானார். மனமொடிந்த மெச்னிகாஃப் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார்.

1882-ல் ஒடெசா பல்கலைக்கழக வேலையை உதறிவிட்டுக் குடும்பத்துடன் சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்தார். ஒரு நாள் வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டனர். இவர் தனியே மைக்ராஸ்கோப்பில் நட்சத்திர மீனின் இளம்புழுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போன்ற அதன் உடலுக்குள் சில அணுக்கள் ஊர்ந்து திரிந்தன. விரலில் சிலாம்பு ஏறினால் சுற்றிலும் சீழ் கட்டுகிறதல்லவா? அதுபோல இந்த அணுக்களும் எதிரியைச் சூழுமோ என்று அவருக்குத் தோன்றியது. தோட்டத்து ரோஜா முட்களைப் பறித்து வந்து புழுவின் உடலில் குத்தினார். மறுநாள் காலை பார்த்தால் அணுக்கள் முள்ளை மொய்த்திருந்தன! நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்களும் இவ்வாறே கிருமிகளை விழுங்குகின்றன என்று அறிவித்தார். கிருமியைக் கொல்வது ரத்தத்திலுள்ள திரவமே என்று ஜெர்மானியர் பலர் வாதாடினர். இரு கட்சியிலும் உண்மை இருந்தது. 1908-ல் நோபல் பரிசை இவரும் எதிர்க்கட்சியைச் சேர்ந்த பால் எர்லிக்கும் பகிர்ந்துகொண்டனர்.

1888 முதல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பணி. 1892-ல் பிரான்சில் காலரா பரவியபோது அக்கிருமியை இவரே குடித்துப் பார்த்தார். ஒன்றும் நேரவில்லை. பிறகு குடித்த ஒருவரோ மரண வாசல்வரை போய் மீண்டார். இத்தகைய சோதனையை இன்று யார் அனுமதிப்பார்கள்? ஒரே கிருமி ஒருவரை வீழ்த்தி மற்றவரை விட்டுவிடுவானேன்? தட்டில் வளர்த்துப் பார்த்தபோது, சில நுண்ணுயிர்கள் காலராக் கிருமிக்குத் துணை நின்றன. சில அதை அடக்கின. குடலில் யார் குடியிருக்கிறார்கள் என்ற விசாரம் இவரைப் பற்றிக்கொண்டது.

ஒடெசாவில் இவரிடம் படித்த ஹாஃப்கின் மறு ஆண்டே காலராத் தடுப்பூசியுடன் இந்தியா வந்தார். நமக்குப் பக்கத்து ஆக்ராவில் ஊசி போட்டார்.

பல்கேரியர்கள் புளித்த பாலால் நெடுநாள் வாழ்கிறார்கள் என்று மெச்னிகாஃப் நம்பினார். குடல் நச்சுதான் முதுமைக்குக் காரணம் என்று 1907-ல் புத்தகமே எழுதினார். இது அளவு மீறிய நம்பிக்கை; இன்றுவரை நிரூபணமாகவில்லை. தினமும் புளித்த பால் சாப்பிட்டும் இதய நோயால் 1916-ல் 71-வது வயதில் காலமானார்.

ஆனால் வித்து வீண்போகவில்லை. நல்ல நுண்ணுயிர்களின் மேலுறையைக் குடலோரத்து வெள்ளை அணுக்கள் இனங்கண்டு, சில சமயம் உஷாராகின்றன, சில சமயம் வீண் கொந்தளிப்பை அடக்குகின்றன என்று இப்போது தெரிகிறது. இனத்துக்கு இனம் பலன் மாறும். ஒடிசா கிராமங்களில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2017-ல் வெளிவந்தது. ஏழு நாள் நுண்ணுயிர் மருந்து தந்ததில், ரத்தத்தில் கிருமி பரவும் நோயும் மரணமும் நூற்றுக்கு 9-லிருந்து 5.4 ஆகக் குறைந்தன. கொடுத்தது தயிரல்ல, ஆய்வுக்கூடத்தில் பொறுக்கியெடுத்த ஒரே ஓர் இனம்.